உரசும் தட்டும் உயிரும்: சித்ரா இதய வால்வின் பொருள் வரலாறு

கழக்கூட்டம் என்றால் பலருக்கும் டெக்னோபார்க்கே நினைவுக்கு வரும். அதை அடுத்த தும்பாவில்தான் ‘டிடிகே சித்ரா’ செயற்கை இதய வால்வு உற்பத்தியாகிறது. அதன் வரலாறு பெரும்பாலும் மருத்துவச் சாதனையாகவே எழுதப்படுகிறது. அதன் மையத்தில் இருந்ததோ பேரிங் செய்வோர் நன்கறிந்த கேள்வி: உலோகத்தோடு ஓயாமல் உரசும் உறுப்பை எந்தப் பொருளால் செய்வது?

நிமிடத்துக்கு 72 துடிப்பு எனக் கொண்டால், வால்வின் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.78 கோடி முறை திறந்து மூட வேண்டும். எண்ணெய் இட இயலாது. கழற்றிப் பழுதுபார்க்கவும் இயலாது.

1969இல் அறிமுகமான பியோர்க்-ஷைலி வால்வின் தட்டு முதலில் டெல்ரின் என்னும் நெகிழியால் ஆனது. நீராவியில் கிருமி நீக்கும்போது அது ஈரத்தை உறிஞ்சி உப்பியது. அதனால் பைரோலிட்டிக் கார்பன் அதன் இடத்தைப் பிடித்தது. அத்தொழில்நுட்பம் மேலைநாட்டு நிறுவனங்கள் சிலவற்றின் கையில் இருந்தது. வாதக் காய்ச்சலால் வால்வு பழுதுற்ற இந்திய நோயாளிகளில் பலர் இளையோர், ஏழைகள். இறக்குமதி வால்வு அவர்களுக்கு எட்டாத விலையில் இருந்தது.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தில் எம். எஸ். வலியத்தான், ஜி. எஸ். புவனேஷ்வர் ஆகியோரின் குழு இதற்கு மாற்றுத் தேடியது. கடினமே தேய்மானத்தை வெல்லும் என்ற எண்ணத்தில் நீலமணிப் படிகத் தட்டையும் சோதித்தது, அது உடைந்தது. இறுதியில் தேர்வானது மீயுயர் மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீன். இது புதிய பொருளன்று. இடுப்பு மூட்டுக் கிண்ணத்துக்கு டெஃப்லானைப் பயன்படுத்தித் தோற்ற ஆங்கிலேய மருத்துவர் ஜான் சார்ன்லி, 1962இல் இதற்கே மாறினார். வழுக்கும் தன்மையில் டெஃப்லான் சிறந்தது. ஆனால் விரைவில் தேய்ந்தது. குறைந்த உராய்வும் குறைந்த தேய்மானமும் ஒன்றல்ல என்பதே அத்தோல்வி தந்த பாடம்.

இப்பாலிஎத்திலீன் உருகினாலும் எளிதில் வழிந்தோடாது. ஆகவே சாதாரண நெகிழிபோல் அச்சில் பாய்ச்சி வார்க்க முடியாது. அழுத்தி உருவாக்கிய கட்டியைக் கடைசலிட்டே வடிவம் பெற வேண்டும். கோபால்ட் கலவையாலான கூட்டையும் குழுவினர் பற்றவைக்காமல் ஒரே துண்டிலிருந்து கடைந்தனர். பற்றவைத்த தாங்குகம்பி முறிந்து உயிர்கள் பறிபோன பியோர்க்-ஷைலி வால்வின் பிற்கால வகையோடு ஒப்பிட்டால் இம்முடிவின் பொருள் விளங்கும். தட்டு கூட்டுக்குள் தானே சுழல்வதால் தேய்மானம் ஓரிடத்தில் குவியாமல் விளிம்பெங்கும் பரவுகிறது. நெகிழித் தட்டாதலால் மூடும் ஓசையும் மென்மையானது.

1990 டிசம்பர் 6 அன்று இவ்வால்வு முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. தொடர்ந்து ஆறு மருத்துவ மையங்களில் 306 நோயாளிகளிடம் ஆய்வு நடந்தது.

‘மலிவான மாற்று’ என்ற சொல் இவ்வரலாற்றைச் சுருக்கிவிடுகிறது. நெகிழியைத் தேர்ந்தது இல்லாமையால் மட்டும் அன்று. தோல்விகளைக் கற்றறிந்த தீர்ப்பினாலும்தான். நம் தொழில்நுட்ப வரலாற்றெழுத்து விலைப்பட்டியலுக்கு அப்பால் சென்று, பட்டறையில் நிகழ்ந்த இத்தகைய முடிவுகளையும் பதிவுசெய்ய வேண்டும்.