படிக்கட்டும் படகுத்துறையும்

திருப்பதி மாவட்டம் என்றால் மலைதான் நினைவுக்கு வரும், தீவு வராது. 2022 ஏப்ரலில் இந்த மாவட்டம் உருவானபோது நெல்லூரிடமிருந்து சூலூர்பேட்டை, தடா பக்கமும் பிரிந்து இதில் சேர்ந்தது. கூடவே பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பங்கும், ஏரிக்குள் இருக்கும் இருக்கம் தீவும் வந்தன. தமிழ் பேசும் மீனவர்கள் வாழும் தீவு அது. தடா மண்டலத்துப் பீமுலவாரிபாளையம் துறையிலிருந்து படகில் போகலாம். ஆக, அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடை, துறையிலிருந்து தீவுக்குப் படகு என்று காலையில் கிளம்பி மாலையில் திரும்பக்கூடிய இரண்டு பயணங்கள் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. முதல் பயணத்தில் நமக்காக யோசிக்க ஒரு தேவஸ்தானமே இருக்கிறது. இரண்டாவதில் யோசிக்க வேண்டியவர்கள் பயணியும் படகுக்காரரும் மட்டுமே.

அலிபிரிப் பாதையில் 3,550 படிகள், சுமார் 9 கிலோமீட்டர். மூட்டையை அடிவாரத்தில் கொடுத்துவிட்டால் மேலே வந்து சேரும். வழியெங்கும் கூரை, குழாய், கழிப்பறை. வண்டியில் போகிறவர்களுக்கும் கடிவாளம் உண்டு. சோதனைச்சாவடியில் நேரம் பதிவாகும். குறித்த நேரத்துக்கு முன்பே மறுமுனையை எட்டிவிட்டால் வேகமாக ஓட்டியதற்கு அபராதம். 2023 ஆகஸ்டில் இந்தப் பாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பிற்பகல் 2 மணியோடு பாதையை மூடினார்கள், நடப்பவர்களைக் கூட்டமாகச் சேர்த்துக் காவலரோடு அனுப்பினார்கள், கைக்கு ஒரு தடியும் கொடுத்தார்கள். தடியைக் கண்டு சிரித்தவர்கள் நிறைய. சிரிப்பு நியாயம்தான், ஆனால் நேரக் கட்டுப்பாடும் கூட்டாக அனுப்பியதும் சிரிக்கக்கூடிய ஏற்பாடுகள் அல்ல. இத்தனை ஏற்பாடு இருந்தும் 2025 ஜனவரி 8 அன்று வைகுண்ட ஏகாதசி டோக்கனுக்காகக் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் இறந்தார்கள். அது நடந்தது மலையில் அல்ல, கீழே ஊருக்குள். மலைப் பயணத்தின் ஆபத்து பெரும்பாலும் மனிதக் கூட்டத்தில் இருக்கிறது.

ஏரியில் நிலைமை நேர் எதிர். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி பழவேற்காடு. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். ஆளை ஏமாற்றுவதே இந்த ஆழம்தான். விழுந்தால் எழுந்து நின்றுகொள்ளலாம் என்று நினைத்து லைப் ஜாக்கெட்டை இருக்கைக்கடியில் தள்ளிவிடுகிறோம். அடியில் இருப்பது தரையில்லை, சேறு. ஊன்றிய காலை எளிதில் விடாது. கழிமுகம் நெருங்கினால் ஆழமும் இழுப்பும் வேறு. ஏரி நீரும் கடல் அலையும் மணல்திட்டின் மேல் மோதும் இடம் அது. 2011 டிசம்பர் 25 அன்று தமிழ்நாட்டுப் பக்கத்தில், பழவேற்காட்டில், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

அதன் பிறகு அங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. மலையில் ஒரு சாவுக்குப் பிறகு நேரமும் காவலும் வந்தன. ஏரியில் 22 சாவுகளுக்குப் பிறகு தடை மட்டும் வந்தது. தடை போட்டால் அதிகாரிக்கு வேலை மிச்சம். ஆனால் பறவை பார்க்க வந்தவர் வரத்தான் செய்வார். ஒழுங்கான துறை இல்லையென்றால், யாரும் எண்ணாத, யாரும் பெயர் எழுதாத ஓரத்திலிருந்து மீன்பிடிப் படகில் ஏறுவார். தடையை விட ஒரு பதிவேடும் போதிய லைப் ஜாக்கெட்டுகளும் பயன் தரும் என்பது என் கட்சி.

தீவுக்காரர்களைப் பார்த்து நாமும் அப்படியே இருக்கலாம் என்று எண்ணுவது இன்னொரு தவறு. பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் படகில் போய்ப் பழகியவர்கள் அவர்கள். எங்கே மேடு, எங்கே குழி என்று தெரியும், நீந்தத் தெரியும். நகரத்து விருந்தாளி செய்வது ஒன்றே ஒன்று: பூநாரைக் கூட்டம் தெரிந்ததும் எழுந்து, செல்போனோடு ஒரே பக்கம் சாய்வது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தபோதும், விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கம் திரண்டது காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. பறவை பறந்துபோனாலும் பரவாயில்லை, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தே பார்க்க வேண்டும்.

கையில் கொண்டுபோவதிலும் இரண்டு பயணமும் வேறுபடும். திருமலையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, ஆனால் தண்ணீர் வழியெங்கும் உண்டு. ஏரி நீர் உப்பு. குடிக்க வேண்டியதைச் சுமந்துதான் போக வேண்டும், வெயிலுக்கு ஒதுங்கப் படகில் நிழலும் இருக்காது. மலையில் வெறுங்காலோடு ஏறுவது நேர்த்தி. இங்கே இறங்கும் இடத்தில் சிப்பி ஓடு கிழிக்கும் என்பதால் செருப்பைக் கழற்றாமலிருப்பதே நல்லது. செல்போன் நனையாமல் ஒரு உறை, குழந்தைக்கு அதன் அளவுக்கான ஜாக்கெட். பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் அது தலைக்கு மேலே கழன்றுவிடும். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, பொது எண் 112. இரண்டையும் ஏறுவதற்கு முன்பே சேமித்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் திரும்பும் நேரம். மலையில் பாதையை மூடுவது காவலர் வேலை. தீவில் அந்தக் காவலர் நாமேதான். பிற்பகலில் கடற்காற்று எழும்பினால் ஆழமில்லாத ஏரியில் அலை குட்டையாக, அடுத்தடுத்து வந்து அடிக்கும். சின்னப் படகுக்கு அது பிடிக்காது. "அண்ணா, மதியத்துக்கு மேல காத்து எப்படி இருக்கும்?" என்று ஏறுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். அவர் யோசித்தால் நாமும் யோசிக்கலாம். எத்தனை பேர் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒரு டீக்கடைக்காரரிடமாவது சொல்லிவிட்டுப் போவது, இப்போதைக்கு அந்தத் துறையில் நாமே வைத்துக்கொள்ளக்கூடிய பதிவேடு.

மாதமும் பார்க்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். கடலில் எச்சரிக்கை இருக்கும் நாளில் ஏரியை மட்டும் நம்பக்கூடாது. பறவைகளுக்கு ஜனவரியும் பிப்ரவரியும் நல்லது. காணும் பொங்கல் அன்று மட்டும் வேண்டாம். அன்று ஏரிக்கரையிலும் மலையைப் போலவே கூட்டம், ஆனால் அதை ஒழுங்குபடுத்தத் தேவஸ்தானம் கிடையாது.