முள்ளுக்குத் தெரியாத கணக்கு

பம்பலப்பிட்டியில், காலி வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் பெரியப்பாவின் மொறிஸ் மைனர் பிக்கப் நிற்கிறது. எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அதன் பெற்றோல் முள்ளு அசைந்ததே இல்லை. டாங்கி நிரம்பி இருந்தாலும் 'ஒன்றுமில்லை' என்றுதான் காட்டும். பெரியப்பா அதைப் பார்ப்பதும் இல்லை. இருக்கைக்குப் பின்னால் மெல்லிய பிரம்பு ஒன்று வைத்திருக்கிறார். டாங்கி மூடியைத் திறந்து பிரம்பை விடுவார். எடுத்து ஈரம் எதுவரை என்று பார்ப்பார். "காணும்" என்பார். அவ்வளவுதான்.

2022 யூலையில் எரிபொருளுக்கு கியூஆர் முறை வந்தது நினைவிருக்கும். தொடக்கத்தில் வாரத்துக்கு காருக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. காலி வீதி நெடுக வரிசை. எல்லாரும் போனைப் பார்த்து மிச்சக் கணக்குச் சொல்லிக்கொண்டு நிற்க, பெரியப்பா பிரம்பைத் துடைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்குத்தான் அதை வாங்கி வடிவாகப் பார்த்தேன். கத்தியால் வெட்டிய கோடுகள். "இது லீற்றரோ, கலனோ?" என்று கேட்டேன்.

"போத்தல்" என்றார்.

மொறிஸ் மைனர் கார் 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. பிக்கப் வடிவம் 1953 இல் வந்தது. இலங்கைக்கும் நிறைய வந்து இறங்கின. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி இறுக, உள்ளதைத் திருத்தித் திருத்தி ஓடுவதே வழியானது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு யப்பான் வாகனங்கள் வந்து குவிந்தன. ஆனால் யாழ்ப்பாணத்தில் பழைய மொறிஸ்களும் ஒஸ்ரின்களும் ஓய்வு பெறவில்லை. போர் அவற்றுக்கு இன்னொரு வேலை வைத்திருந்தது.

1990 யூனில் மீண்டும் போர் தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாம் தடை. பெற்றோல் சின்னச் சின்னப் போத்தல்களில் யானை விலைக்கு விற்றது. அப்போதுதான் கார்கள் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சுலபமாக ஆவியாகாது. அதனால் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்ப வேண்டும். சூடேறிய பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். புகை கக்கும், இழுவை குறையும், எஞ்சின் கெதியாகத் தேயும். ஆனாலும் ஓடும்.

"அப்பவே முள்ளைத் திருத்தியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"முள்ளு கால், அரை, முக்கால் எண்டுதான் சொல்லும் தம்பி. கால் டாங்கி எண்ணெயை ஆர் கண்டது? எனக்குத் தேவைப்பட்டது ஒரு போத்தல், ரெண்டு போத்தல் கணக்கு."

பிரம்பில் இரண்டாவது கோடு மற்றவற்றை விட ஆழமாக வெட்டியிருந்தது. இரவில் யாராவது வந்து கதவைத் தட்டினால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பி வர இரண்டு போத்தல் வேண்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே எண்ணெய் இறங்க அவர் விட்டதில்லையாம். 2002 இல் ஏ9 பாதை திறந்தபோது பிக்கப்போடு பிரம்பும் கொழும்புக்கு வந்தது.

போன மாதம் முள்ளைத் திருத்தினோம். டாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அது எண்ணெயோடு ஏறி இறங்க, அதன் கை ஒரு மின்தடைக் கம்பிச்சுருளில் வழுக்கும். தடை மாற, முள்ளு அசையும். எங்கள் பிக்கப்பில் உள்ள பழைய வகை முள்ளைச் சோதிப்பது லேசு. டாங்கியில் இருந்து வரும் வயரைக் கழற்றினால் முள்ளு 'நிறைவு' காட்ட வேண்டும். வயரை பொடியில் ஏர்த் பண்ணினால் 'வெறுமை' காட்ட வேண்டும். (பின்னாளில் வந்த வகைக்கு இது தலைகீழ்.) இரண்டும் சரியாகவே காட்டின. அப்படியென்றால் முள்ளு பிழையில்லை, பிழை டாங்கிக்குள்.

கராஜில் டாங்கியை வெறுமையாக்கி, ஆணிகளைக் கழற்றி மிதவையை வெளியே எடுத்தோம். பித்தளை மிதவை. ஆட்டினால் உள்ளே 'களக் களக்' என்றது. ஓட்டை விழுந்து, எண்ணெய் குடித்து, அடியில் தாழ்ந்து கிடந்திருக்கிறது. சுடுதண்ணிக்குள் அமுக்க, ஒரு மூலையில் குமிழி வந்தது. உள்ளே பெற்றோல் ஆவி இருக்க ஈயம் பற்றவைத்தால் வெடிக்கும். அதனால் வடித்து, பல தடவை சுடுதண்ணியில் போட்டெடுத்து, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் பாஸ் ஈயம் வைத்தார். டாங்கி வாயை அடைக்கும் தக்கை வளையம் பஞ்சிகாவத்தைக் கடையொன்றில் வெட்டி வாங்கியது.

தடைக்காலம் பற்றிய கட்டுரைகளில் தடைசெய்த பொருட்களின் பட்டியல் கிடைக்கும். ஒரு குடும்பம் எத்தனை போத்தலைத் தொடாமல் வைத்திருந்தது, ஆருக்காக வைத்திருந்தது என்பது அந்தப் பட்டியல்களில் இராது. அது இப்படிப் பிரம்புகளிலும், எழுபது தாண்டியவர்களின் வாயிலும்தான் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஏதாவது கிடக்கும். இப்போதே கேட்டு வையுங்கள்.

எண்ணெய் விட்டுச் சாவியைத் திருப்பினோம். முள்ளு மெல்ல எழும்பி அரையில் நின்றது. பெரியப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கிப் போய், மூடியைத் திறந்து பிரம்பை விட்டார்.

"சரியாத்தான் சொல்லுது" என்றார்.