கோலார் மிச்சம்

எங்க தருமபுரி 1965 வரைக்கும் சேலம் மாவட்டம். சேலம், வட ஆற்காடு பக்கமிருந்து பொழைப்பு தேடி கோலார் தங்கவயலுக்குப் போனவங்க ஏராளம். அவங்க வெட்டின தங்கத்தைப் பத்தி எழுதியாச்சு மக்களே, நான் சொல்ல வந்தது மிச்சத்தைப் பத்தி.

பாறையைப் பொடியாக்கி சயனைடு கரைசலில் ஊறப்போட்டா, ஆக்சிஜன் துணையோட தங்கம் கரைஞ்சிடும். 1887-ல் கிளாஸ்கோவில் மெக்கார்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் காப்புரிமை வாங்கின முறை. அந்தக் கரைசலைத் துத்தநாகச் சீவல் மேல விட்டா துத்தநாகம் கரையும், தங்கம் படியும். மேட்டர் அவ்ளோதான்! பிற்பாடு துத்தநாகத்தோட வேலையைக் கரி எடுத்துக்கிச்சு. அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் சுரங்கம் 1973-ல் பெரிய அளவில் செஞ்சு காட்டியது. இப்ப இறால் ஓட்டிலிருந்து எடுக்கிற கைட்டோசானோட வேற பொருட்களைக் கலந்து, மணிமணியா உருட்டி, பழைய மதர்போர்டைக் கரைச்ச திரவத்துல போட்டுத் தங்கம் பிடிக்கப் பாக்கறாங்க. (நம்ம ஆபீஸ் குப்பைக்கும் மரியாதை! :-))

ஆனா எந்த முறையும் முழுசா வழிச்செடுக்காது. சுமார் 800 டன் தங்கம் தந்த கோலார் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடினப்போ, கிட்டத்தட்ட 3.3 கோடி டன் கழிவு மேடு மேடா நின்னுது. ஊர்க்காரங்களுக்கு அது 'சயனைடு மேடு'. காத்தடிச்சா தூசி வீட்டுக்குள்ள.

2024 ஜூனில் 13 மேடுகளை ஏலம் விட கர்நாடக அமைச்சரவை சம்மதிச்சது. அதுல எவ்வளவு தங்கம் தேறும்னு கணக்கு போடறாங்க. மேட்டடியில் இன்னும் குடியிருக்கிற தொழிலாளர் குடும்பங்களுக்கு அதுல பங்கு உண்டா? தங்கவயல் பக்கம் சொந்தம் இருக்கிற பதிவர்கள் யாராச்சும் எழுதுங்களேன்.