அடைபட்ட உணவுக்குழாயில் ஒரு வழி: ஸ்டென்ட்டின் வரலாறு

உணவுக்குழாய் நெகிழ்ந்து கொடுக்கும் உறுப்பு. அதன் உள்விட்டம் ஏறத்தாழ 13 மில்லிமீட்டருக்குக் கீழே குறுகிய பிறகே சோறு சிக்கத் தொடங்கும். உணவுக்குழாய்ப் புற்றுநோய் வந்தவருக்கு அதற்குள் நோய் முற்றியிருக்கும். கடலூர், சிதம்பரம் வட்டாரத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கும் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்கும் செல்வோரிலும் அறுவைக்குக் காலம் கடந்தவர்கள் உண்டு. எச்சிலைக்கூட விழுங்க முடியாதவருக்கு முதலில் வேண்டியது ஒரு வழி.

அடைப்புக்குள் குழாய் செருகும் எண்ணம் பழையது. 1845இல் பிரான்சின் லெராய் தெத்தியோல் தந்தக் குழாயைக் கொண்டு முயன்றார். 1885இல் லண்டன் கய்ஸ் மருத்துவமனையின் சார்ட்டர்ஸ் சைமண்ட்ஸ் பொருத்திய குழாயே முதலில் பலன் தந்தது. அது வயிற்றுக்குள் நழுவாதபடி பட்டுநூல் கட்டி, மறுமுனையை நோயாளியின் காதிலோ மீசையிலோ முடிந்துவைத்தார். வேடிக்கையாகத் தோன்றினாலும், குழாய் இடம் நகரும் சிக்கல் இன்னும் முழுதாகத் தீரவில்லை. 1920களில் ஹென்றி சூட்டர் ஜெர்மன் வெள்ளிக் கம்பியைச் சுருட்டிக் குழாயாக்கினார்.

1959இல் வந்த செலஸ்டின் பிளாஸ்டிக் குழாயை, வயிற்றைத் திறந்து கீழிருந்து இழுத்துப் பொருத்த வேண்டும். பட்டினியால் மெலிந்த உடலுக்கு அந்த அறுவையே பேராபத்து. 1970களின் இறுதியில் நாட்டிங்ஹாமில் அட்கின்சன் குழுவினர் எண்டோஸ்கோபி வழியே மேலிருந்து செருகும் முறையைக் கொண்டுவந்தனர். வயிற்றைக் கீறும் தேவை போயிற்று. ஆனால் விரியாத தடித்த குழாயை இடுக்கில் தள்ளும்போது உணவுக்குழாய் கிழியும் ஆபத்து போகவில்லை.

அதற்கு விடை, உள்ளே போனபின் தானே விரியும் உலோக வலைக் குழாயான ஸ்டென்ட். 1983இல் ஜெர்மனியின் ஃபிரிம்பெர்கர் உலோகச் சுருளைப் பயன்படுத்தினார். பின்னர் நிக்கல், டைட்டானியம் கலந்த 'நிட்டினால்' என்னும் உலோகக் கலவை பரவியது. மெல்லிய உறைக்குள் சுருக்கி வைத்த வலை, உறையை இழுத்ததும் மெல்ல விரிந்து கட்டியை ஒதுக்கும். 1993இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் 42 நோயாளிகளைப் பிளாஸ்டிக் குழாய், உலோக ஸ்டென்ட் என இரு பிரிவாக்கி ஒப்பிட்டனர். விழுங்கும் திறன் இரண்டிலும் ஒரே அளவில் தேறியது. ஆனால் பிளாஸ்டிக் குழாய்ப் பிரிவில் 9 சிக்கல்கள். உலோகப் பிரிவில் ஒன்றுமில்லை. உலோக ஸ்டென்ட் விலை கூடியது என்றாலும், மருத்துவமனையில் தங்கும் நாள் குறைந்ததால் அது ஈடாயிற்று.

வலைக்கண் வழியே கட்டி மீண்டும் உள்ளே வளர்ந்தது புதிய தொல்லை. சிலிகோன் உறை போர்த்தினர். உறை போர்த்தியது எளிதில் நகர்ந்தது. இரு முனைகளை மட்டும் திறந்துவிட்ட பாதி உறை ஸ்டென்ட் இதற்கான சமரசம். இரைப்பை வாயைக் கடந்து வைத்தால் அமிலம் மேலேறும். ஆகவே தலைமாட்டை உயர்த்திப் படுக்கச் சொல்வர். உணவும் குழைத்த சோறு, கஞ்சி, நன்கு மென்ற இட்லி என்று மாறும். இறைச்சித் துண்டு அடைத்துக்கொள்ளும்.

ஸ்டென்ட்டுக்குப் போட்டி, மக்கள் 'கரண்ட் வைப்பது' என்னும் கதிர்வீச்சு. 2004இல் 209 பேரிடம் நடந்த நெதர்லாந்து ஆய்வில், ஸ்டென்ட் உடனடி நிவாரணம் தந்தது. உணவுக்குழாய்க்குள்ளேயே தரும் கதிர்வீச்சின் பலனே நீடித்தது. ஆகவே வாரக்கணக்கில் மட்டுமே வாழ்நாள் எஞ்சியவருக்கு ஸ்டென்ட் பொருந்தும். மாதங்கள் எதிர்பார்க்கக் கூடியவருக்குக் கதிர்வீச்சையும் எண்ணலாம். இரண்டையும் சேர்த்தால்? 2012இல் வெளியான இந்திய ஆய்வில், ஸ்டென்ட்டுடன் கதிர்வீச்சும் பெற்றவர்களுக்கு நிவாரணமும் ஆயுளும் கூடின. 2021இல் வெளியான பிரிட்டன் ஆய்வோ, விழுங்கல் சிரமம் திரும்புவதைக் கதிர்வீச்சு தடுக்கவில்லை, இரத்தக்கசிவைக் குறைக்கலாம் என்றது.