இரக்கமும் உரிமையும்

கண்பார்வை மங்கிய மாணவனை முன்வரிசையில் அமர்த்துக என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதற்பாடங்களுள் ஒன்று. "அவனுக்கு மட்டும் ஏன் இச்சலுகை?" என்று வகுப்பில் எவரும் கேட்பதில்லை. கரும்பலகையைக் காணும் வாய்ப்பு எல்லார்க்கும் ஒன்றாக இருத்தல் வேண்டுமெனின், சிலருக்கு இருக்கை மாறியாக வேண்டும். வகுப்பறை அறிந்த இவ்வுண்மையைத் தொழிற்சட்டம் அறிந்துகொள்ள நெடுங்காலம் பிடித்தது. அவ்வரலாற்றைப் பிரிட்டனில் நிகழ்ந்தவாறு ஈண்டுக் காண்போம்.

முதல் உலகப் போரில் கை கால் இழந்து திரும்பிய வீரர்களுக்கு வேலை தர முன்வந்த முதலாளிகளின் பெயர்கள், 1919 முதல் ஒரு தேசியப் பட்டியலில் பதியப்பெற்றன. அஃது அவரவர் விருப்பத்தைப் பொறுத்ததே, கட்டாயமன்று. இரண்டாம் போரின்போது, 1944இல், கட்டாயச் சட்டம் பிறந்தது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் நூற்றுக்கு மூவர் என்ற அளவில் உடற்பேறு குறைந்தோரை அமர்த்த வேண்டுமென்று விதிக்கப்பட்டது. ஆயினும் விதியை மீறிய முதலாளிகள் வழக்குமன்றம் ஏறியது மிக அரிது. மேலும், அவர்களுக்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட தொழில்கள் இரண்டே: மின்தூக்கியை இயக்குதல், கார் நிறுத்துமிடத்தைக் காத்தல். வேலை தர வந்த சட்டமே, இன்னார்க்கு இவ்வளவே தகுதி என்று கோடும் கிழித்துவிட்டது!

1982 தொடங்கிப் பல மசோதாக்கள் தோற்றபின், 1995இல் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. எண்ணிக்கை முறை நீங்கியது. அதனிடத்தில், தொழிலாளியின் குறைக்கேற்ப வேலையிடத்திலும் வேலை முறையிலும் தக்க மாறுதல்களைச் செய்வது முதலாளியின் கடமை என்ற கொள்கை அமர்ந்தது. முதலில் விலக்குப் பெற்றிருந்த சிறு நிறுவனங்களும் 2004இல் இதற்குள் வந்தன.

அக்கடமையின் எல்லை யாது? ஸ்காட்லாந்தின் ஃபைஃப் வட்டார மன்றத்தில் தெருக்கூட்டும் பணி செய்த ஒரு பெண்மணி, சிறு அறுவை மருத்துவத்தின் விளைவாக நடக்க இயலாதவரானார். அலுவலகப் பணிக்கான பயிற்சி பெற்று, நூற்றுக்கு மேற்பட்ட இடங்களுக்கு மனுச் செய்தார். ஒவ்வொன்றிற்கும் மற்றவரோடு போட்டியிட்டே வரவேண்டுமென்பது மன்றத்தின் விதி. ஒன்றும் கிட்டவில்லை; வேலையும் பறிபோனது. எல்லார்க்கும் ஒரே விதிதானே என்று மன்றம் வாதிட்டது. 2004இல் பிரபுக்கள் சபை அவ்வாதத்தை ஏற்கவில்லை. போட்டியின்றியே அவரை வேறு பணிக்கு மாற்றுவதும் தக்க மாறுதலாகலாம். உடற்பேறு குறைந்தவரைச் சற்றுக் கூடுதலாகப் பேணுவதையே இச்சட்டம் வேண்டுகிறது என்று தீர்ப்பளித்து, வழக்கை மறு ஆய்வுக்கு அனுப்பியது. முன்வரிசை இருக்கை சட்டமான நாள் அது!

இதனால் முதலாளிக்கு அநீதி இல்லையா எனலாம். இல்லை. மாறுதல் தக்கதா என்று பார்க்கையில், அதன் செலவு, பயன், நிறுவனத்தின் வலிமை யாவும் சீர்தூக்கப்படுகின்றன. எல்லா மாறுதலும் செய்தபின்னும் இயலாத ஒருவரை அப்பணியிலேயே வைத்திருக்குமாறு சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. 2010இல் வந்த சமத்துவச் சட்டமும் இந்நெறியையே தொடர்ந்தது.

மலேசியாவில், அரசுப் பணிகளில் நூற்றுக்கு ஒருவர் என 1988இல் சுற்றறிக்கை வந்தது. 2008இல் உடற்பேறு குறைந்தோர் சட்டம் பிறந்தது. வேலை பெறுவதில் அவர்களுக்குச் சம உரிமை உண்டென அதன் 29ஆம் பிரிவு கூறுகிறது. எனினும், மீறும் முதலாளிக்குத் தண்டனை எதனையும் அன்று அது வகுக்கவில்லை.

வேலை போனால் தோட்டத்து வீடும் போகும் என்பதைக் கண்டு வளர்ந்தவர் நம்முள் பலர். வேலை என்பது கூலி மட்டுமன்று என்பதை நமக்கு எவரும் உரைக்க வேண்டுவதில்லை. நாம் முன்வரிசையில் அமர்த்திய பிள்ளை நாளை வேலை தேடிச் செல்வான். அங்கே அவன் இரக்கத்தைக் கேட்டு நிற்பானா, உரிமையை அறிந்து நிற்பானா? அதனை அவனுக்கு உணர்த்துவதும் ஆசிரியர் கடனே.