காப்பதும் காட்டுவதும்

தமிழில் சினிமாச் சரித்திரம் என்று எழுதப்படுவது பெரும்பாலும் நடிகர்களின் சரித்திரம்; கொஞ்சம் விஷயம் தெரிந்த இடங்களில் டைரக்டர்களின் சரித்திரம். சினிமாவுக்கும் கட்சிகளுக்கும் உள்ள உறவு பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. எடுத்த படம் பிறகு எங்கே போயிற்று, அதை யார் வாங்கி எந்த அலமாரியில் வைத்தார்கள், வைத்ததை யாருக்கு எடுத்துக் காட்டினார்கள் என்ற கேள்விகள் மட்டும் கலைக்குச் சம்பந்தமில்லாத ஆபீஸ் விவகாரங்களாகவே நமக்குப் படுகின்றன. வங்கியில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கிற எனக்கு அப்படிப் படவில்லை. எங்கள் கிளையின் ரிக்கார்டு அறையில் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பதிவு உண்டு. எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும், எப்போது அழிக்கலாம், அழித்தபோது யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு செலானுக்குக் கிடைக்கிற இந்த மரியாதை தமிழின் முதல் பேசும் படத்துக்குக் கிடைக்கவில்லை.

'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31ஆம் தேதி சென்னையில் வெளியாயிற்று. டைரக்டர் ஹெச்.எம். ரெட்டி, நாயகி டி.பி. ராஜலட்சுமி. தயாரித்தவர் பம்பாயின் அர்தேஷிர் இரானி. அதே வருஷம் மார்ச்சில் இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வை வெளியிட்டவரும் அவர்தான். இன்று இரண்டு படமும் இல்லை. அதற்கும் முந்தி நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த மௌனப் படமான 'கீசக வத'மும் இல்லை. நம் சினிமாவின் பிறப்பைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் விளம்பரங்களையும் பத்திரிகைக் குறிப்புகளையும் பாட்டுப் புத்தகங்களையும் வைத்துத்தான்.

இதை மதுரையிலிருந்துகொண்டு யோசிப்பதற்கு ஒரு தனி அர்த்தம் உண்டு. இது வெறும் சினிமா பார்க்கிற ஊராக மட்டும் இருந்ததில்லை, பணம் போட்ட ஊரும்கூட. ராயல் டாக்கீஸ்காரர்கள் 1937ல் எடுத்த 'சிந்தாமணி'யின் லாபத்தில் கட்டியதாகப் பெயர்பெற்ற சிந்தாமணி டாக்கீஸ் இங்கேதான் இருந்தது. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதா'ஸுக்குப் பின்னால் இருந்ததும் மதுரைப் பணம். 1952ல் திறந்த தங்கம் தியேட்டரில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் இருக்கைகள். அந்த இடத்தில் இன்று ஒரு ஜவுளிக்கடை. இத்தனை பணமும் இத்தனை ஜனமும் இருந்த ஊரில், ஓடி முடிந்த படத்தின் ஒரு பிரதியை வாங்கி வைக்கவேண்டும் என்று ஒரு உத்தியோகஸ்தர்கூட நியமிக்கப்படவில்லை. பெட்டி முதலில் நகரத்துக் கொட்டகையில் ஓடும். பிறகு மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் டூரிங் கொட்டகைகளுக்குப் போகும். அறுந்த இடத்தை ஒவ்வொரு தடவை ஒட்டும்போதும் சில கட்டங்கள் குறையும். கடைசியில் கீறலும் கிழிசலுமாக வருவதை எடை போட்டு விற்பார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் பிம்பமாக நிற்பது வெள்ளி. அதைச் சுரண்டி எடுத்தால் காசு. மிஞ்சுகிற சுருள் வளையல் செய்யப் போயிற்று. அதோடு 1950கள் வரைக்கும் புழக்கத்தில் இருந்தது நைட்ரேட் சுருள். எளிதில் பற்றிக்கொள்ளும், நம் வெயிலில் தானே இற்றும் போகும். அதற்குப் பின் வந்த அஸிடேட் சுருள் பற்றாது என்றாலும், வெக்கையில் வினிகர் நெடியுடன் சுருங்கிக் கெடும். படம் அழிவதற்கு யாரும் எதுவும் செய்யவேண்டியதில்லை. அழியாமல் இருப்பதற்குத்தான் தினமும் ஒருவர் வேலைக்கு வந்தாக வேண்டும்.

அப்படி வந்தவர் பி.கே. நாயர். 1933ல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். பையனாக இருந்தபோது சினிமா டிக்கெட்டுகளையும் எடை பார்க்கும் யந்திரத்தின் அட்டைகளையும் சேர்த்துவைத்த ஆசாமி. டைரக்டராக வேண்டும் என்று பம்பாய் போய் மெஹ்பூப் கான், பிமல் ராய் போன்றவர்களின் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, தனக்கு அது வராது என்று தெரிந்துகொண்டார். அந்தத் தெளிவை அபூர்வமான ஒன்றாகவே நினைக்கிறேன். நம் எழுத்தாளர்களிலும் சிலருக்கு அது வந்திருக்கலாம். 1961ல் புனே திரைப்படக் கல்லூரியில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தார். பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் முந்தின வருஷம்தான் அந்தக் கல்லூரி தொடங்கியிருந்தது. ஒரு காப்பகம் அமைப்பது எப்படி என்று வெளிநாட்டுக் காப்பாளர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். 1964ல் தேசியத் திரைப்படக் காப்பகம் ஏற்பட்டது. 1965ல் உதவிக் காப்பாளர், 1982ல் டைரக்டர், 1991ல் ஓய்வு. ஒரு சர்வீஸ் ரிஜிஸ்தரில் நாலு வரியில் அடங்கிவிடுகிற வாழ்க்கை. அந்த நாலு வரிக்குள் சுமார் பன்னிரண்டாயிரம் படங்கள் சேர்ந்தன.

சேர்க்கப் போன இடங்களில் நேர்ந்தது சில சமயம் சோகம், சில சமயம் அதிருஷ்டம். வயோதிகரான இரானியைப் பார்க்க நாயர் போனார். 'ஆலம் ஆரா'வின் சில ரீல்கள் இருக்கின்றன என்றார் இரானி. விடைபெற்று வெளியே வரும்போது அவருடைய மகன், அந்த ரீல்களை வெள்ளிக்காகத் தானே எப்போதோ தீர்த்துவிட்டதைச் சொன்னார். தகப்பனாருக்கு அது தெரியாது. இதற்கு நேர் எதிரானது 'மார்த்தாண்ட வர்மா'வின் கதை. 1933ல் நாகர்கோவில்காரர் ஒருவர் தயாரித்த மௌனப் படம். நாவலின் உரிமை பற்றித் திருவனந்தபுரத்துப் பதிப்பாளர் வழக்குப் போட்டதால் பிரதி பறிமுதலாகி, அந்தப் புத்தகக் கடையிலேயே கிடந்தது. 1974ல் காப்பகம் அதை வாங்கியது. தென்னிந்திய மௌனப் படங்களில் ஏறக்குறைய முழுசாகத் தப்பியது அது ஒன்றுதான். வழக்கு மட்டும் இல்லாதிருந்தால் அதுவும் ஊர் ஊராக ஓடி அழிந்திருக்கும்.

காப்பாளர்களிடையே ஒரு பழைய விவாதம் உண்டு. லண்டனின் எர்னெஸ்ட் லிண்ட்கிரென், பிரதியைத் தொடாமல் வைப்பதே முதல் கடமை என்ற கட்சி. பாரிஸின் ஹென்றி லாங்ல்வா, திரையில் விழாத படம் செத்த படம் என்ற கட்சி. லாங்ல்வாவின் கொட்டகையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பையன்களிலிருந்துதான் கோதாரும் த்ரூஃபோவும் வந்தார்கள். நாயர் இந்த இரண்டு கட்சியிலும் இருந்தார். அவருக்கு எதிரிலேயே ஒரு கல்லூரி இருந்தது. மாணவருக்கு யோசனை சொல்வது அவருடைய உத்தரவில் எழுதப்பட்ட வேலை அல்ல. ஆனாலும் எந்தப் படத்தை எதற்குப் பிறகு பார்க்கவேண்டும், ஒரு குறிப்பிட்ட ஷாட் எத்தனாவது ரீலில் வருகிறது என்று கேட்க ஆள் இருந்தது. இருட்டில் சின்ன டார்ச் வெளிச்சத்தில் ரீல் ரீலாகக் குறிப்பெடுத்துவைத்த மனுஷரால் அதற்குப் பதில் சொல்லவும் முடிந்தது. வகுப்பில் சினிமா ரசனையைக் கற்பித்த சதீஷ் பகதூர், ஆக்ராவில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். இருவரும் சேர்ந்த அந்தச் சூழலிலிருந்துதான் மணி கௌல், குமார் சஹானி, அடூர் கோபாலகிருஷ்ணன், ஜான் ஆப்ரஹாம், கிரீஷ் காசரவள்ளி எல்லாம் கிளம்பினார்கள். கர்நாடகத்தில் ஹெக்கோடு என்ற கிராமத்தில் கே.வி. சுப்பண்ணா நடத்திய நீநாசத்துக்கும் காப்பகத்தின் பெட்டிகள் போயின. பாக்குத் தோட்டத்துக்காரர்கள் 'பைசிக்கிள் தீவ்ஸ்' பார்த்தார்கள். சினிமாவுக்கே பேர்போன நம் வைகைக் கரையில் அப்படி ஒரு ஹெக்கோடு ஏற்படாததற்குக் காரணம் ரசனைக் குறைவு என்று சொல்வது சுலபம். கேட்டு வாங்க ஒரு சுப்பண்ணா இல்லை என்பதே வாஸ்தவம்.

அதே கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர் பாலு மகேந்திரா. காப்பகத்தின் அருகில் கண் திறந்தவர். 'வீடு', 'சந்தியா ராகம்' ஆகியவற்றின் நெகடிவ்கள் இப்போது இல்லை என்று பிற்காலத்தில் அவரே வருத்தத்தோடு சொன்னார். தமிழ்நாட்டுக்கு ஒரு திரைப்படக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்து 2014ல் இறந்துபோனார். 1939ல் வெளிவந்து வெள்ளைக்கார அரசாங்கம் தடைசெய்த 'தியாகபூமி' புனேயில் இருக்கிறது. ஐம்பது வருஷம் பிந்தி, தடையேதும் இல்லாமல் வெளிவந்த படங்களுக்கு நெகடிவ் இல்லை.

தமிழ்நாட்டில் இந்தக் காரியம் தனிமனிதர்களின் பித்தாகவே நடந்தது. கோட்டையூரில் ரோஜா முத்தையா புத்தகங்களோடு பாட்டுப் புத்தகங்களையும் நோட்டீசுகளையும் சேர்த்தார். அவர் 1992ல் இறந்த பிறகு சேகரத்தை வாங்கிக் காப்பாற்ற சிகாகோ பல்கலைக்கழகம் வரவேண்டியிருந்தது. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் படங்களின் விவரங்களையும் புகைப்படங்களையும் தன் வீட்டில் சேர்த்தார். இவர்களைப் புகழ்வதோடு நம் கடமை தீர்ந்ததாக நினைக்கிறோம். பித்துக்கு வாரிசு கிடையாது. உத்தியோகத்துக்கு உண்டு, அல்லது இருக்கவேண்டும். நாயர் விஷயத்திலேயே அது எவ்வளவு பலவீனமானது என்பதையும் பார்த்தாகிவிட்டது. அவர் ஓய்வுபெற்ற பிறகு 2003 ஜனவரியில் புனே கிடங்கில் தீப்பிடித்து நைட்ரேட் சுருள்கள் எரிந்தன. அவர் 2016ல் காலமானார். காப்பகம் இப்போது வேறொரு அரசுக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது.

இன்று எல்லாம் கைபேசியில் கிடைக்கிறதே என்பார்கள். யாரோ எங்கோ ஒரு பிரதியைப் பெட்டியில் வைத்திருந்ததால் கிடைக்கிறது. வைக்காத 'காளிதாஸ்' எந்தக் கைபேசியிலும் இல்லை. கிடைப்பதிலும் எதை முதலில் பார்ப்பது, எதற்காகப் பார்ப்பது என்று சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது. நான் பி.ஏ. படித்த காலத்தில் 'பாட்டில்ஷிப் போட்டெம்கின்' பற்றி, அந்தப் படத்தைப் பார்க்காமலே இரண்டு பக்கம் பரீட்சை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். கற்பித்தவரும் பார்த்ததில்லை. அவர் பேரில் குற்றமில்லை. காட்டுவதற்கு அந்தக் கல்லூரியில் ஒருவருக்கும் சம்பளம் கொடுக்கவில்லை.

மதுரையில் 1966 முதல் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்கு வெகுகாலம் முந்தியே கல்லூரிகள் இருக்கின்றன. குளிரூட்டிய ஒரு அறை, ஒரு ரிஜிஸ்தர், சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு திரை. சாவியை வைத்துக்கொண்டு பெட்டிக்கும் பையனுக்கும் நடுவில் உட்கார ஒரு ஆள். அந்த ஆளுக்கு ஒரு சம்பள விகிதம், ஓய்வுபெறும்போது அவர் கணக்கை ஒப்படைத்துவிட்டுப் போக இன்னொரு ஆள். எங்கள் கிளையில் சாவி கைமாறும்போது, கொடுத்தவரும் வாங்கியவரும் தேதி போட்டுக் கையெழுத்திடுகிறோம். நான் கேட்பது அவ்வளவுதான்.