முந்நீரும் ‘பஞ்ச்’சும்

வேனிற்கால விருந்துகளிலே பழச்சாறுகளைக் கலந்து வழங்கும் பானத்தை ஆங்கிலேயர் ‘பஞ்ச்’ என்பர். ஐந்து எனப் பொருள்படும் ‘பஞ்ச’ என்னும் வடசொல்லே இதன் மூலம் எனப் பலரும் கூறுவர். இக்கூற்று எத்துணை உறுதியுடையது?

கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் ஒருவர் 1632-ஆம் ஆண்டில் எழுதிய கடிதத்தில் இச்சொல் காணப்படுகிறது. ஜான் ஃபிரையர் என்னும் மருத்துவர் 1698-இல் வெளியான தம் பயண நூலில், ஐந்து பொருள்கள் சேர்வதால் இப்பெயர் வந்ததென எழுதினார். சாராயம், சர்க்கரை, எலுமிச்சைச்சாறு, நீர், நறுமணப்பொருள் என அவ்வைந்தையும் எண்ணுவர். ஆயினும், பழைய செய்முறைகளில் பொருள்களின் தொகை ஒரு நிலையாக இல்லை. அக்கால ஆங்கில ஒலிப்பும் ‘பஞ்ச’ என்பதோடு நன்கு பொருந்தவில்லை. எனவே, ‘பஞ்சியன்’ என்னும் பீப்பாயின் பெயரே குறுகிற்று என்பாரும் உளர்.

எண்ணால் பெயர்பெற்ற கலவைப் பானத்திற்கு ஐயமற்ற சான்று புறநானூற்றில் உண்டு. அதன் 24-ஆம் பாட்டில் மாங்குடி கிழார், நுங்கின் நீர், கரும்பின் சாறு, தெங்கின் இளநீர் ஆகிய மூன்றையும் கலந்து பருகியோர் கடலிற் பாய்ந்தாடியதைப் பாடுகிறார். அப்பானமும் முந்நீர், கடலும் முந்நீர். கூட்டுப்பொருள்களைப் புலவரே எண்ணித் தருதலின் ஈண்டு ஊகத்திற்கு இடமில்லை.

ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு ‘பஞ்ச்’ நம் நாட்டுச் சொல்லே என மாணவர்க்கு முடிந்த முடிபாகக் கூறுதல் வேண்டா. சான்றுள்ள முந்நீரை எடுத்துக்காட்டுவோம். பெருமைக்கு அதுவே சாலும்.